வயதான நாய், பூனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் இதுவரை மூன்று நாய்களும் இரண்டு பூனைகளும் முதுமை வரை வாழ்ந்திருக்கின்றன. நான் மருத்துவர் அல்ல. கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும், ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்தும் கற்றுக்கொண்டவள். வயதான பிராணி வைத்திருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று நானே சொல்லி, ஒரு பூனையின் கடைசி வருடத்தைக் கெடுத்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எத்தனை வயதில் முதுமை தொடங்குகிறது?

பூனைக்குப் பத்து வயதை ஒட்டி. நாய்க்கு உடல் அளவைப் பொறுத்தது. பெரிய இன நாய்கள் ஏழு வயதிலேயே முதுமைக்குள் போய்விடும், மிகப் பெரிய இனங்கள் அதற்கும் முன்னால். சிறிய நாய்களுக்குப் பத்து, பதினொன்று ஆகும். அந்த இனம் சராசரியாக எத்தனை வருடம் வாழுமோ, அதில் கடைசிக் கால் பங்கை முதுமை என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

நாயின் ஒரு வருடம் நமக்கு ஏழு வருடம் என்பது சரியா?

சரியில்லை. முதல் வருடம் முடிவதற்குள் நாயும் பூனையும் மனிதக் கணக்கில் சுமார் பதினைந்து வயதைத் தொட்டுவிடும். இரண்டாம் வருட முடிவில் இருபத்துநாலு. அதன் பிறகு பூனைக்கு வருடத்துக்கு நாலு வயது என்று கூட்டிக்கொள்ளலாம், பெரிய நாய்களுக்கு அதைவிட வேகமாக ஏறும்.

நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவரிடம் போக வேண்டும்?

நம் கணக்கில் ஆறு மாதம் என்பது அவற்றுக்கு இரண்டு மூன்று வருடம். அதற்குள் நிறைய மாறிவிடும். இன்னொரு காரணம், வலியையும் பலவீனத்தையும் மறைப்பதில் இவை கெட்டிக்காரத்தனம் உள்ளவை. பூனை ரொம்பவே. நாம் கண்டுபிடிக்கும்போது நோய் பாதி வழி வந்திருக்கும்.

போகும்போது எடை, ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, ரத்த அழுத்தம் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். பூனைக்குத் தைராய்டு அளவும் சேர்த்து. பலர் ரத்தத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சிறுநீரை விட்டுவிடுகிறார்கள், சிறுநீரகத்தைப் பற்றி முதலில் சேதி சொல்வது பெரும்பாலும் அதுதான். எல்லாம் இயல்பாக வந்தால் காசு வீண் என்று நினைக்காதீர்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த வருடம் ஓர் எண் மாறும்போது, எங்கிருந்து மாறியது என்று அதுதான் காட்டும்.

பூனை முன்னைவிட நிறையத் தண்ணீர் குடிக்கிறது. வெயில் காரணமா?

ஓரிரு நாள் என்றால் இருக்கலாம், தொடர்ந்தால் அப்படி விட்டுவிடாதீர்கள். ஒரு நாளில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 மில்லிலிட்டருக்கு மேல் பூனை குடித்தாலும், 100 மில்லிலிட்டருக்கு மேல் நாய் குடித்தாலும் அது இயல்பு அல்ல. நாலு கிலோ பூனைக்கு 200 மில்லிலிட்டர். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலை மீதியை அளந்தால் தெரிந்துவிடும். ஈர உணவு சாப்பிடும் பூனைக்குத் தண்ணீர்க் கிண்ணமே அதிகம் தேவைப்படாது என்பதால் அது கொஞ்சம் கூடக் குடித்தாலும் கவனிக்க வேண்டும்.

வயதான பூனைகளில் இதற்கு முதல் சந்தேகம் நாள்பட்ட சிறுநீரக நோய். அடுத்தது நீரிழிவு, தைராய்டு. நாயில் குஷிங் நோயும் சேரும், அதாவது உடலில் கார்டிசால் என்ற ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரப்பது. அதில் தாகத்தோடு பசியும் கூடி, வயிறு தொங்கி, முடி மெலியும்.

சிறுநீரகத்தின் சிக்கல் என்னவென்றால், அது சொல்லாமல் போகும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறத் தொடங்கும்போது சிறுநீரகத்தின் முக்கால் பங்கு வேலை செய்வதை நிறுத்தியிருக்கும். எஸ்.டி.எம்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை இதைவிட முன்னதாகவே காட்டிக்கொடுக்கும், சிறுநீரின் அடர்த்தி குறைவதும் அப்படித்தான். போன சிறுநீரகம் திரும்ப வராது. ஆனால் மீதி இருப்பதை நீண்ட நாள் காப்பாற்றலாம். பாஸ்பரஸ் குறைத்த சிறுநீரக உணவு பூனையின் ஆயுளைக் கூட்டுகிறது என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். அந்த உணவை ஒரே நாளில் மாற்றாதீர்கள், பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து சில வாரங்களில் மாற்றுங்கள். மருத்துவமனையில் குமட்டலோடு படுத்திருக்கும்போது புது உணவைக் காட்டினால், பூனை அந்த வாசனையையே வெறுத்துவிடும்.

நோய் முற்றிய பூனைக்குத் தோலுக்கு அடியில் சலைன் ஏற்ற வேண்டி வரலாம். வீட்டிலேயே செய்யலாம். முதல் நாள் என் கை நடுங்கியது. பத்தாவது நாள் பூனை என் மடியிலேயே தூங்கிவிட்டது.

வயதான பூனை நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனால் இளைத்துக்கொண்டே போகிறது.

நான் தவறவிட்டது இதைத்தான். எங்கள் பூனைக்குப் பதின்மூன்று வயது. தட்டை நக்கி முடித்துவிட்டு மறுபடி கேட்கும், வீடெல்லாம் ஓடும், ராத்திரி கத்தும். "இந்த வயசிலும் எவ்வளவு சுறுசுறுப்பு" என்று பெருமைப்பட்டேன். முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டபோது வயசாகிறது என்று நினைத்தேன். அது ஹைப்பர்தைராய்டிசம், அதாவது தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வது. பெரும்பாலும் சுரப்பியில் வளரும் சாதாரணக் கட்டிதான் காரணம். பூனைகளில் இது 1979 வாக்கில்தான் தனி நோயாக விவரிக்கப்பட்டது, இன்று வயதான பூனைகளுக்கு மிகச் சாதாரணமாக வருகிறது.

இதற்கு மாத்திரை உண்டு. மாத்திரை விழுங்காத பூனைக்கு அதே மருந்தைக் காதின் உட்புறத் தோலில் தடவும் களிம்பாகத் தரலாம். அறுவை சிகிச்சையும் அயோடின் குறைத்த உணவும் இருக்கின்றன. கதிரியக்க அயோடின் ஊசி கிடைக்கும் இடமாக இருந்தால் அது பெரும்பாலும் ஒரே தடவையில் குணப்படுத்திவிடும். சிகிச்சை தொடங்கியதும் சிறுநீரகத்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு தறிகெட்டு ஓடும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் அதிகமாகப் பாய்வதால், அங்கே இருக்கும் குறை மறைந்திருக்கும்.

நாய் படி ஏறத் தயங்குகிறது. பூனை அலமாரி மேல் குதிப்பதில்லை. வயசுதானே?

வலி. வேறொன்று என்று நிரூபணம் ஆகும்வரை வலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நாய் நொண்டும், எழுந்திருக்கும்போது விறைப்பாக இருக்கும், நடைக்குக் கிளம்பிப் பாதியில் திரும்பும். பூனை பெரும்பாலும் நொண்டாது. அதன் மூட்டுவாதம் வேறு விதமாகத் தெரியும். ஒரே தாவலில் ஏறிய இடத்துக்கு நடுவில் நாற்காலியைப் பிடித்து ஏறும். முதுகின் கடைசிப் பகுதியை நக்கிச் சுத்தம் செய்ய முடியாமல் முடி திரிதிரியாகும். நகம் தேயாமல் வளர்ந்து உள்ளங்காலில் குத்தும். மணல் பெட்டிக்கு வெளியே அசிங்கம் செய்யும். அதைச் சேட்டை என்று திட்டுகிறோம், பெட்டியின் விளிம்பைத் தாண்ட அதனால் முடியவில்லை. பன்னிரண்டு வயதைத் தாண்டிய பூனைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் பத்தில் ஒன்பதுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது.

மருந்துக்கு முன்னால் எடை. குண்டான நாய்க்கு எடை குறைப்பதைவிட நல்ல மூட்டு மருந்து இல்லை என்பேன். அப்புறம் தரை. வழுக்கும் தரையில் நடக்கும் ஒவ்வொரு அடியும் மூட்டுக்கு வேதனை, அது நடக்கும் பாதையில் மிதியடி விரிப்புகளைப் போடுங்கள். சோபாவுக்கு ஒரு படி, தாழ்ந்த விளிம்புள்ள மணல் பெட்டி, மெத்தென்ற படுக்கை. நடையை நிறுத்தாதீர்கள், ஒரு நீள நடையை மூன்று சின்ன நடையாக்குங்கள்.

மருந்து என்றால், பிராணிகளுக்கென்றே உள்ள வலி மருந்துகள் இருக்கின்றன. தொடங்கும் முன்பும் இடையிடையேயும் சிறுநீரகம், கல்லீரல் பார்க்க வேண்டும். வாந்தியோ கறுப்பு மலமோ வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மாதம் ஒரு முறை போடும் ஊசிகளும் வந்திருக்கின்றன: நாய்க்கு பெடின்வெட்மாப், பூனைக்கு ஃப்ரூனெவெட்மாப். பல பிராணிகளுக்கு நல்ல பலன் தெரிகிறது. நாய்களுக்கான ஊசியில் நரம்பு தொடர்பான பக்கவிளைவுகளும் பதிவாகியிருப்பதால், நடையில் தள்ளாட்டம் போன்ற புது மாற்றம் எதைக் கண்டாலும் அடுத்த ஊசிக்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் நமக்கு வைத்திருக்கும் வலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?

கூடாது. பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் சரியாக இல்லை. ஒரே ஒரு மாத்திரை உயிரை எடுக்கலாம். ஈறு பழுப்பு நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு திணறும். இபுப்ரோஃபென் இரண்டுக்குமே ஆகாது, வயிற்றில் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாயின் மருந்தைப் பூனைக்குக் கொடுப்பதும் அதே தவறுதான். ஏற்கனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் இப்போதே கிளம்புங்கள். என்ன, எவ்வளவு, எப்போது என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள், அந்தத் தகவலில்தான் உயிர் இருக்கிறது.

நாயின் கண் நீலம் பூத்தது போல இருக்கிறது. கண்புரையா?

பெரும்பாலும் இல்லை. வயதாக ஆக லென்ஸ் இறுகி, நீலச் சாம்பல் நிறமாகத் தெரியும். பார்வை பெரிதாகக் குறையாது. கண்புரை என்றால் வெள்ளையாக, பார்வையை மறைக்கும். இரண்டையும் கண் பரிசோதனையில்தான் பிரிக்க முடியும். அவசரமானது வேறு ஒன்று: பூனைக்குத் திடீரென்று பார்வை போய், கண்மணி அகல விரிந்து நின்றால் அது உயர் ரத்த அழுத்தத்தால் விழித்திரை பிரிந்ததாக இருக்கலாம். அன்றே சிகிச்சை தொடங்கினால் சில நேரம் பார்வை திரும்பும்.

நாய் திடீரென்று தலை சாய்ந்து, தள்ளாடி விழுந்தது. பக்கவாதமா? கருணைக்கொலை செய்துவிடலாம் என்கிறார்கள்.

பொறுங்கள். எங்கள் நாய் மணிக்குப் பதினாலு வயதில் இப்படி ஆனது. காலையில் எழுந்து நிற்க முடியவில்லை, தலை ஒரு பக்கம், கண்மணிகள் இடவலமாக ஆடுகின்றன, வாந்தி. வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டோம். அது வெஸ்டிபுலர் நோய், உள்காதில் உடலின் சமநிலையைக் காக்கும் அமைப்பு திடீரென்று தடுமாறுவது. வயதான நாய்களுக்குக் காரணமே தெரியாமல் வரும். பெரும்பாலும் மூன்று நாளில் தேறத் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் எழுந்து நடந்துவிடும். தலைச் சாய்வு கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். காதில் தொற்றும், மூளையில் பாதிப்பும் இதே மாதிரி காட்டும் என்பதால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் முதல் நாளின் கோலத்தை வைத்து உயிரை முடிக்கும் தீர்மானம் எடுக்காதீர்கள். வாந்திக்கு மருந்து, தண்ணீர், சுருட்டிய துண்டுகளால் அண்டை கொடுத்த படுக்கை போதும். மணி அதன் பிறகு ஒன்றரை வருடம், தலையைச் சற்றுச் சாய்த்தபடியே, எங்களோடு இருந்தது.

ராத்திரி முழுக்க நடக்கிறது, சுவரைப் பார்த்து நிற்கிறது, என்னையே மறந்ததுபோல இருக்கிறது.

மனிதர்களின் மறதி நோய் போல ஒன்று இவற்றுக்கும் வருகிறது. வழி தப்பிக் கதவின் கீல் பக்கம் போய் நிற்பது, பகல் தூங்கி இரவு விழிப்பது, பழகிய இடத்தை மறந்து வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பது, ஒட்டிக்கொண்டே இருப்பது அல்லது ஒதுங்கிப் போவது, காரணமில்லாத பயம். 2001இல் வெளியான ஓர் ஆய்வில் பதினொன்று, பன்னிரண்டு வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும், பதினைந்து, பதினாறு வயதில் 68 சதவீதத்துக்கும் இவற்றில் ஏதாவது ஓர் அறிகுறி இருந்தது.

மறதி என்று முடிவு செய்வதற்கு முன்னால் வேறு காரணங்களை ஒதுக்குங்கள். மூட்டு வலி இருந்தால் இரவில் படுக்க முடியாது. காது கேட்காத பூனை தன் குரலே தெரியாமல் உரக்கக் கத்தும். ரத்த அழுத்தமும் தைராய்டும் கத்த வைக்கும். மறதிதான் என்று முடிவானால் நாய்க்கு செலிஜிலின் போன்ற மருந்தும், மூளைக்கென்று தயாரித்த உணவும் ஓரளவு உதவும். தட்டு, படுக்கை, நாற்காலி எதையும் இடம் மாற்றாதீர்கள். ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும். பகலில் கொஞ்சம் விளையாட்டும் வெளிச்சமும் கொடுங்கள். திட்டாதீர்கள், எதற்குத் திட்டு வாங்குகிறோம் என்று அதற்குத் தெரியாது.

உடம்பில் கட்டி தட்டுப்படுகிறது.

தொட்டுப் பார்த்து நல்ல கட்டி, கெட்ட கட்டி என்று யாராலும் சொல்ல முடியாது, அனுபவமுள்ள மருத்துவராலும்தான். ஒரு சென்டிமீட்டர் அளவு இருந்தால், அல்லது ஒரு மாதமாகவே இருந்தால், ஊசியால் குத்திச் செல்களை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மயக்க மருந்து வேண்டாம், சில நிமிட வேலை. வயதான நாய்க்கு வரும் மெத்தென்ற கட்டிகளில் பல வெறும் கொழுப்புதான். பூனையின் முலையில் வரும் கட்டியை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், அவற்றில் பெரும்பான்மை புற்றுநோய்.

பல் சுத்தம் செய்ய மயக்க மருந்து வேண்டுமாம். இந்த வயதில் தாங்குமா?

வயதைப் பார்த்து முடிவு செய்வதில்லை. இதயம், சிறுநீரகம், ரத்த அழுத்தம் பார்த்து முடிவு செய்கிறார்கள். அவை சரியாக இருந்தால் பதினாலு வயதிலும் செய்யலாம். சீழ் பிடித்த பல்லோடு தினமும் சாப்பிடும் பிராணியின் வலியையும் தராசின் மறு தட்டில் வையுங்கள். பல் எடுத்த சில வாரத்தில் "குட்டி மாதிரி ஆகிவிட்டது" என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மயக்க மருந்தில்லாமல் வெளியே மட்டும் சுரண்டுவது வேண்டாம், நோய் ஈறுக்கு அடியில் இருக்கிறது.

உணவை எப்படி மாற்றுவது?

நாய் என்றால் குண்டாக விடாதீர்கள். 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்து 2002இல் வெளியான ஆய்வில், கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டவை ஏறத்தாழ இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுவாதமும் தாமதமாகவே வந்தது. பூனை வேறு கதை. பன்னிரண்டு வயதுக்கு மேல் அதன் பிரச்சினை இளைப்பு, தசை கரைவது. அதனால் "வயதானால் புரதத்தைக் குறை" என்று யாராவது சொன்னால், சிறுநீரகப் பரிசோதனை இல்லாமல் கேட்காதீர்கள். ஆரோக்கியமான வயதான பிராணிக்கு நல்ல புரதம் தேவை. மாதம் ஒரு முறை எடை போட்டு எழுதி வையுங்கள். நாலு கிலோ பூனை 400 கிராம் இழப்பது, நாற்பது கிலோ ஆள் நாலு கிலோ இழப்பதற்குச் சமம்.

பூனை இரண்டு நாள் எதுவும் சாப்பிடவில்லை என்றால், குறிப்பாகக் குண்டுப் பூனை என்றால், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். "பசித்தால் தானே சாப்பிடும்" என்பது பூனையிடம் செல்லாது.

இருமல், மூச்சிரைப்பு இருக்கிறது.

தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். மார்பு ஒரு முறை ஏறி இறங்கினால் ஒன்று. நிமிடத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப அதற்கு மேல் போனால் அன்றே மருத்துவர். சிறிய இன நாய்களுக்கு வயதானால் இதய வால்வு தடித்துக் கசியும். இதயம் பெரிதாகியும் அறிகுறி வராத கட்டத்திலேயே பிமோபெண்டான் என்ற இதய மருந்தைத் தொடங்கினால் இதயச் செயலிழப்பு சராசரியாக 15 மாதம் போலத் தள்ளிப்போகிறது என்று 2016இல் வந்த ஆய்வு காட்டியது. அதனால் "இதயத்தில் முணுமுணுப்பு கேட்கிறது" என்று மருத்துவர் சொன்னால் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

தடுப்பூசி இனியும் தேவையா?

தேவை. எது, எத்தனை வருடத்துக்கு ஒரு முறை என்பதை மருத்துவர் குறைத்துக் கொடுப்பார், வெறிநோய்த் தடுப்பூசியை விடக் கூடாது.

தூக்கத்தில் சிறுநீர் கசிகிறது.

கருத்தடை செய்த பெண் நாய்களில் இது சாதாரணம், மருந்துக்கு நன்றாகக் கேட்கும். முதலில் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பாருங்கள்.

எதற்கெல்லாம் நள்ளிரவிலும் ஓட வேண்டும்?

பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டால். பூனையின் பின்னங்கால்கள் திடீரென்று செயலிழந்து, சில்லிட்டு, வலியில் அலறினால். அது இதயத்திலிருந்து வந்து ரத்தக்குழாயை அடைத்த ரத்த உறைவு. ஈறு வெளுத்து நாய் சுருண்டு விழுந்தால், அது மண்ணீரல் கட்டி வெடித்து உள்ளே ரத்தம் போவதாக இருக்கலாம். ஆண் பூனை சிறுநீர் கழிக்க முடியாமல் முக்கினால். வயிறு உப்பி, வெறும் வாந்தி எடுக்க முயலும் பெரிய நாய். கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் சோர்ந்து, நிறையத் தண்ணீர் குடித்தால். கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம், வெளியே கசிவு தெரியாமலும் இருக்கலாம்.

எப்போது விடைகொடுப்பது என்று எப்படித் தெரியும்?

இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லாலோபோஸ் 2004இல் கொடுத்த ஓர் அளவுகோல் எனக்குக் கைகொடுத்தது. வலி (மூச்சுத் திணறலும் இதில்தான் சேரும்), பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எவ்வளவு என்று போட்டுக் கூட்டினால் 35க்கு மேல் வர வேண்டும். வலிக்கும் மூச்சுக்கும் அவர் முதலிடம் கொடுத்தார், மூச்சு விடவே போராடும் பிராணிக்கு மற்ற மதிப்பெண்கள் எதற்கு? நான் நாட்காட்டியில் நல்ல நாளுக்கு ஒரு வட்டம், கெட்ட நாளுக்கு ஒரு கோடு போட்டேன். கோடுகள் கூடியபோது என் மனம் செய்த சமாதானம் எல்லாம் தாளில் நிற்கவில்லை. வீட்டில் உள்ளவர்கள் தனித்தனியாக மதிப்பெண் போட்டுப் பாருங்கள். நாம் பார்க்க மறுப்பதைக் குழந்தைகள் சில நேரம் முதலில் எழுதுகிறார்கள்.

அந்த நேரத்தில் நானும் கூட இருக்க வேண்டுமா?

முடிந்தால் இருங்கள். என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் குறையும். பெரும்பாலும் முதலில் தூங்க வைக்க ஓர் ஊசி போடுவார்கள். அது ஆழ்ந்து தூங்கியதும், ரத்தக்குழாயில் மயக்க மருந்தை மிக அதிக அளவில் செலுத்துவார்கள். சில நொடிகளில் நினைவு போகும், சில நிமிடங்களில் இதயம் நிற்கும். கண் மூடாது. சிறுநீர் போகலாம். உயிர் போன பிறகும் ஒன்றிரண்டு தடவை மூச்சு இழுப்பதுபோல உடல் அசையலாம். அது தசையின் அசைவு மட்டும்தான், அதற்கு வலிக்கவில்லை. முதல் ஊசிக்கு முன்னால், அது உங்கள் முகத்தைப் பார்க்கும்படி தலைப்பக்கம் உட்கார்ந்துகொள்ளுங்கள்.